பழைய ஃபைபர் படகு: அறிகுறியை வைத்துக் கோளாறைத் தேடி, புதுப்பிக்கும் வேலையைத் திட்டமிடுவது

பழைய ஃபைபர் படகு ஒன்று கைக்கு வந்ததும் முதலில் மனதில் ஓடுவது பெயின்ட்தான். என்ன நிறம் அடிக்கலாம், பக்கத்தில் என்ன கோடு போடலாம் என்று. அந்த ஆசை நல்லதுதான், ஆனால் அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த ஓடு நாற்பது, ஐம்பது வருடம் ஆனாலும் பெரும்பாலும் தாங்கி நிற்கும். கெட்டுப்போவது அதற்குள் மூடி வைத்த மரமும் ஃபோமும்தான். மேல்தளம் விறைப்பாக இருக்க அதன் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா கட்டையோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள், இந்த நடு அடுக்குக்குத்தான் கோர் என்று பெயர். மோட்டார் தொங்கும் பின்சுவரான டிரான்ஸமுக்குள் பிளைவுட் இருக்கும். அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்களும் பெரும்பாலான பழைய படகுகளில் மரத்தின் மேல் ஃபைபர் சுற்றியவைதான். ஒரு திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், அது வெளியே வர வழி கிடையாது.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் நாம் தேடப்போவது ஒன்றைத்தான்: தண்ணீர் எங்கே நுழைந்தது, எதுவரை போயிருக்கிறது. அது தெரியாமல் போடும் திட்டத்தில் நாள் கணக்கும் நிற்காது, பணக் கணக்கும் நிற்காது.

ரம்பத்தைத் தொடுவதற்கு முன்

படகை மழை படாத இடத்தில், சமமாக நிறுத்துங்கள். வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, உள்ளே நிற்கும் தண்ணீர் வடிய நான்கைந்து நாள் விடுங்கள். எத்தனை நாள் சொட்டுகிறது என்பதை எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியல், மார்க்கர், மாஸ்கிங் டேப், டார்ச், டிரில், 4 மி.மீ. பிட், ஒரு நோட்டு. ஈரமானி இருந்தால் நல்லது, ஆனால் அது காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். சோதிக்கும் இடத்துக்குப் பின்னால் டேங்க் இருந்தாலும், உலோகம் இருந்தாலும், படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் இருந்தாலும் முள் மேலே ஏறிவிடும். தளத்தில் ஈரமானி முள்ளை மட்டும் நம்பித் துளை போடாதீர்கள், சுத்தியல் ஓசையும் அதே இடத்தைக் காட்ட வேண்டும்.

பெட்ரோல் டேங்க் இருக்கிற படகா? டிரில்லும் கிரைண்டரும் தீப்பொறி விடும். காலி டேங்குக்குள் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. முடிந்தால் டேங்கையே கழற்றிப் படகுக்கு வெளியே கொண்டுபோங்கள், பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வேலையைத் தொடங்கலாம்.

அறிகுறி: மிதித்தால் தளம் அமுங்குகிறது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

வெறுங்காலோடு ஓர் அடி விட்டு ஓர் அடி மிதித்துப் பாருங்கள். செருப்புக் காலுக்குத் தெரியாத அமுங்கல் வெறுங்காலுக்குத் தெரியும். அப்புறம் முட்டி போட்டு, நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'ணங்' என்று கூர்மையாகக் கேட்கும், சுத்தியல் கையில் துள்ளும். கோர் கெட்ட இடத்தில் 'தொப்' என்று அமுங்கிய ஓசை வரும், சுத்தியல் துள்ளாது. ஓசை மாறும் இடத்தில் எல்லாம் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாகச் சேருங்கள். கோடு வரைந்து முடித்து எழுந்து நின்று பார்த்தால், அந்த வட்டத்துக்குள் கயிறு கட்டும் ஒரு கிளீட்டோ, கைப்பிடிக் கம்பியின் அடித்தகடோ, மூடியின் கீலோ, இருக்கைத் திருகாணியோ பெரும்பாலும் இருக்கும். தண்ணீரின் வாசல் அதுதான்.

இப்போது துளை. பிட்டின் நுனியிலிருந்து 6 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். மேல்தோல் பொதுவாக 2, 3 மி.மீ. தான் இருக்கும். மேல்தோலைத் தாண்டிக் கோருக்குள் போனால் போதும், கீழ்த்தோலைத் துளைக்கக் கூடாது. பிட்டோடு சுற்றி வரும் துருவலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறி, உலர்ந்து, விரலில் தேய்த்தால் பொடியாகப் பறந்தால் மரம் நன்றாக இருக்கிறது, தோல் மட்டும் மரத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. கருத்து, பிசுபிசுத்து, பிட்டின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் மரம் போய்விட்டது. சில சமயம் பிட்டை எடுத்ததும் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் தானாகவே ஊறி மேலே வரும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இந்த இரண்டு நிலைக்கும் வைத்தியம் வேறு வேறு. உலர்ந்த மரத்திலிருந்து தோல் பிரிந்திருந்தால், துளைகள் போட்டு எபாக்சியை (இரண்டு பாகமாக வந்து, கலந்ததும் இறுகும் ஒட்டு ரெசின்) ஊசியால் ஏற்றி, மேலே எடை வைத்து ஒட்டிவிடலாம். ஈர மரத்தில் அது நடக்காது. எத்தனை துளை போட்டாலும், எவ்வளவு மெல்லிய எபாக்சி ஊற்றினாலும், தண்ணீர் ஊறிய மரத்தில் ரெசின் பிடிக்காது. ஈரத்தைப் பூட்டி வைத்ததுதான் மிச்சம். வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் கோட்டை, நீங்கள் வரைந்த எல்லைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி எதிர்பார்த்து வையுங்கள், ஏனென்றால் ஓசை மாறும் இடத்துக்கும் அப்பால் ஈரம் போயிருக்கும். மேல்தோல் உடையாமல் வந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பின்புறம் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுக் கோரின் மேல் அதையே திரும்ப ஒட்டலாம்.

சின்னத் திறந்த படகுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவற்றின் உள்தளம் பிளைவுட் மேல் ஒரு அடுக்கு ஃபைபர், அவ்வளவுதான். அது அமுங்கினால் அதோடு நிற்காது, கீழே ஸ்ட்ரிங்கரைப் பார்த்தே ஆக வேண்டும். என் முதல் படகில் நான் இதைச் செய்யவில்லை. தளத்தை வெட்டி எடுத்தபோது ஸ்ட்ரிங்கரின் மேல்விளிம்பு காய்ந்து, கையால் தட்டினால் உறுதியாக இருந்தது. அது போதும் என்று புதுப் பிளைவுட்டை மேலே போட்டு மூடிவிட்டேன். அடுத்த பருவத்திலேயே தளம் மறுபடி ஆடியது. திரும்ப வெட்டி, ஸ்ட்ரிங்கரின் பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் துளை போட்டபோது ஈரச் சேறு மாதிரி ஒன்று வந்தது. வெளியே ஃபைபர் கூடு முழுசாக நின்றது, உள்ளே கட்டை இல்லை. தண்ணீர் தாழ்ந்த இடத்தைத்தான் தேடிப் போகும். ஆகவே ஸ்ட்ரிங்கரை மேலே தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அடியில், பின்கோடியில், மோட்டார் தாங்கும் பகுதியில் துளை போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: மோட்டாரை அசைத்தால் பின்சுவரும் அசைகிறது

மற்ற எதையும் பிறகு பார்க்கலாம், இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. டிரான்ஸம் உளுத்த படகில் மோட்டாரை மாட்டித் தண்ணீரில் இறங்கவே கூடாது.

மோட்டாரை மேலே சாய்த்துப் பூட்டிவிட்டு, புரொப்பெல்லர் பக்கத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது இன்னொருவர் பின்சுவரின் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்க்கட்டும். சுவர் வளைந்து திரும்பினாலோ, உள்மூலைகளில் விரிசல் வாய் திறந்து மூடினாலோ, போல்ட் ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலோ உள்ளே பிளைவுட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் பிடிகள் ஃபைபருக்குள் அழுந்திப் பள்ளம் விழுந்திருப்பதும் அதே கதைதான்.

உறுதிப்படுத்த உட்பக்கத்திலிருந்து துளை போடுங்கள். டிரான்ஸம் பொதுவாக 38 முதல் 50 மி.மீ. தடிமன். வெளித்தோலைத் தாண்டாதபடி டேப் அடையாளம் வையுங்கள். வடிகால் துளைக்குப் பக்கத்தில், மோட்டார் போல்ட்டுகளுக்குக் கீழே, ஆழமானி போன்றவற்றை மாட்டிய சின்னத் திருகாணிகளைச் சுற்றி, இரண்டு கீழ் மூலைகளில் என்று ஆறேழு இடம் போதும். பெரும்பாலும் குற்றவாளி மோட்டார் போல்ட் இல்லை. யாரோ ஒரு நாள் அவசரமாக, சீலன்ட் வைக்காமல் முடுக்கிய ஒரு சின்னத் திருகாணியாகத்தான் இருக்கும். வடிகால் துளையின் உள்விளிம்பில் பிளைவுட் வெட்டுமுகம் மூடப்படாமல் அப்படியே தெரிகிறதா என்றும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

திட்டத்தில் இங்கே பெரிய முடிவு ஒன்று எடுக்க வேண்டும்: உள்ளிருந்து போவதா, வெளியிலிருந்து போவதா. உள்ளிருந்து போனால் வெளி ஜெல்கோட்டும் (ஃபைபரின் மேல் இருக்கும் நிறப்பூச்சு அடுக்கு) படகின் எழுத்தும் தப்பும், புதுச் சுவரைப் பக்கங்களோடும் ஸ்ட்ரிங்கரோடும் நன்றாகக் கட்ட முடியும். ஆனால் மேல்தளத்தின் பின்பகுதியை அவிழ்க்கவோ வெட்டவோ வேண்டும். வெளியிலிருந்து போனால் இடம் தாராளம். ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டுத் தோலை வெட்டி எடுத்து, பிளைவுட்டைச் சுரண்டி, புதியதை ஒட்டி, மறுபடி அடுக்கு அடுக்காக மூட வேண்டும். வெளிப்பக்கம் முழுக்கப் பூச்சு வேலை விழும். ஸ்ட்ரிங்கரும் மாற்ற வேண்டியிருந்தால் எனக்கு உள்வழிதான் சரி. எப்படியும் உள்ளே திறக்கத்தானே போகிறீர்கள். ஸ்ட்ரிங்கர் நன்றாக இருந்து டிரான்ஸம் மட்டும் போயிருந்தால் வெளிவழியில் வேலை சீக்கிரம் முடியும். இரண்டு தோலும் நல்ல நிலையில் இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு: மேலிருந்து உளுத்த மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் இதற்கென்றே வரும் ஊற்றும் கலவையை நிரப்புவது. அடிமூலையில் ஒட்டிய மரத்தை முழுக்கச் சுரண்ட முடிந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: படகு கனக்கிறது, நீர்க்கோடு மேலே ஏறியிருக்கிறது

உள்தளத்துக்கு அடியில் மிதவைக்காக ஊற்றிய பாலியூரிதேன் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். மூடிய கண்ணறை கொண்ட ஃபோம்தான், ஆனாலும் பல வருடம் தண்ணீரிலேயே நின்றால் ஊறத்தான் செய்யும். கணக்கைப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் புது ஃபோம் சுமார் 32 கிலோ. அதன் கொள்ளளவில் கால்பங்கு தண்ணீர் ஏறினால் கூடுதலாக 250 கிலோ. மூன்று பெரிய ஆட்கள் எப்போதும் படகில் படுத்திருப்பது போல.

எடைமேடையில் டிரெய்லரோடு ஏற்றி எடை எடுங்கள், டிரெய்லரின் எடையைக் கழியுங்கள், தயாரிப்பாளர் சொன்ன வெற்று எடையோடு ஒப்பிடுங்கள். மோட்டார், பேட்டரி, எரிபொருள் எடையையும் கழிக்க மறக்காதீர்கள். வித்தியாசம் நூறு கிலோவைத் தாண்டினால், தளத்தில் தாழ்ந்த ஓர் இடத்தில் 5 செ.மீ. வட்டத் துண்டை ஹோல்சாவால் வெட்டி எடுத்து ஃபோமைப் பிழிந்து பாருங்கள். வடிகால் பல நாள் சொட்டிக்கொண்டே இருந்ததாக நோட்டில் எழுதியிருந்தால் அதுவும் இதற்குச் சாட்சி.

ஊறிய ஃபோமை இருந்த இடத்திலேயே உலர்த்த முடியாது. வெயிலில் வருடக்கணக்கில் நிறுத்தினாலும் அடியில் ஈரம் நிற்கும். தளத்தைத் திறந்து அள்ளிப் போட வேண்டியதுதான். திறந்தால் ஸ்ட்ரிங்கரும் டேங்கும் கண்ணுக்குத் தெரியும். அடித்தளத்தில் ஃபோமுக்குள் புதைத்த அலுமினிய டேங்க் இருந்தால், ஈர ஃபோம் ஒட்டிய பக்கத்தில் குழிகுழியாக அரித்திருக்கும். டேங்க் இன்னும் ஒழுகவில்லை என்றாலும் அந்த நேரத்தில்தான் மாற்ற வேண்டும். தளத்தை மூடிய பிறகு அதை மாற்றுவது இன்னொரு முழு வேலை.

ஃபோமை எடுத்துவிட்டு அப்படியே காலியாக விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. சின்னப் படகு தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காமல் ஆட்களைத் தாங்குவது அந்த ஃபோமால்தான். சில படகுகளில் தளத்தின் விறைப்பே அதை நம்பியிருக்கும். புதியதைப் போடுங்கள், ஆனால் அடியில் தண்ணீர் பின்பக்கம் ஓட வாய்க்கால் விட்டுப் போடுங்கள்.

அறிகுறி: ஜெல்கோட்டில் விரிசல்

விரிசலின் வடிவத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் நட்சத்திரம் போலப் பிரிந்தால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது. உட்புறம் போய் அதே இடத்தைத் தட்டிப் பாருங்கள், ஓசை அமுங்கினால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு குறுக்குச் சுவரின் விளிம்பை ஒட்டியோ உள்மூலையிலோ ஓடினால் அந்த இடம் வளைந்து வளைந்து கொடுக்கிறது. மேற்பரப்பு முழுக்க வறண்ட குளத்து மண் போல வெடித்திருந்தால் ஜெல்கோட்டைத் தடியாகப் போட்டு அது வயதாகிவிட்டது என்று அர்த்தம், அதில் உயிராபத்து இல்லை.

முதல் இரண்டு வகையில் ஒரு விரிசலையாவது உப்புத்தாளாலோ சுரண்டியாலோ வி வடிவில் திறந்து பாருங்கள். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதோடு விரிசல் முடிந்துவிட்டால் ஜெல்கோட் பட்டி வைத்து மூடலாம். கீழே இழை வெளுத்து, கோடு இன்னும் ஆழமாகப் போனால் லேமினேட்டை, அதாவது இழையும் ரெசினும் சேர்ந்த அடுக்குகளை, சரிசெய்ய வேண்டும்: சேதத்தைத் தேய்த்து எடுத்து, தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்கு ஓரத்தைச் சரிவாக்கி, அடுக்குகளை ஏற்ற வேண்டும். 6 மி.மீ. தடிமனுக்கு ஒவ்வொரு பக்கமும் 72 மி.மீ. சரிவு. கைக்கு இது ரொம்ப அகலமாகத் தோன்றும், குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள், ஒட்டு நிற்பது அந்த அகலத்தில்தான்.

வளைவதால் வந்த விரிசலை வெறும் பட்டியால் அடைத்தால் அது அதே இடத்தில் திரும்ப வரும். உள்ளே ஏன் வளைகிறது என்று பாருங்கள். ஸ்ட்ரிங்கர் உளுத்ததா, குறுக்குச் சுவரின் ஒட்டு விட்டுப்போனதா என்று. அதைத் தீர்த்த பிறகு விரிசலுக்கு வாருங்கள்.

அறிகுறி: அடிப்பகுதியில் கொப்புளங்கள்

வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்த படகுகளுக்கு வருவது. டிரெய்லரில் வைத்து, ஓடும்போது மட்டும் இறக்கும் படகில் அபூர்வம். ஜெல்கோட் வழியாக ஆவியாக ஊடுருவும் தண்ணீர், சரியாக இறுகாமல் மிச்சமிருக்கும் ரசாயனங்களைக் கரைத்து, அந்தக் கரைசல் இன்னும் தண்ணீரை உள்ளே இழுத்து, ஜெல்கோட்டை மேலே தள்ளுகிறது.

படகைக் கரையேற்றிய அன்றே பாருங்கள். காய்ந்தால் கொப்புளங்கள் சுருங்கி மறைந்துவிடும். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, தேதி எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான்கைந்தைத் திறந்து பாருங்கள். இதற்குக் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனியாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கும், குத்தியதும் பீய்ச்சி அடிக்கும். அந்தத் திரவம் அமிலத்தன்மை உள்ளது, கண்ணில் பட்டால் கேடு. அதைத் துடைத்த துணியை முகர்ந்தால் வினிகர் போன்ற புளிப்பு வாடை வரும். குழியின் தரை வழுவழுப்பாக, இழை தெரியாமல் இருந்தால் பிரச்சினை ஜெல்கோட்டுக்கு அடியோடு நிற்கிறது. இழை வறண்டு தூக்கிக்கொண்டு நின்றால் லேமினேட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

இருபது முப்பது கொப்புளம் என்றால் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரால் பல நாள் திரும்பத் திரும்பக் கழுவி, உலர்த்தி, எபாக்சிப் பட்டியால் நிரப்பினால் போதும். நூற்றுக்கணக்கில் என்றால் ஜெல்கோட்டையே உரித்து, உலர்த்தி, எபாக்சித் தடுப்புப் பூச்சு பல கோட் அடிக்க வேண்டும். இதில் நேரத்தைத் தின்பது உலர்த்தல்தான், வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். உலர்ந்ததா என்று பார்க்க, ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி வெயிலில் ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதன் மேல் எபாக்சி அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

கொப்புளத்தைப் பார்த்துப் பலர் படகையே விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அது தேவையில்லாத பயம். உளுத்த டிரான்ஸம் ஒரே நாளில் மோட்டாரோடு கழன்று போகலாம், கொப்புளம் வருடக்கணக்கில் மெல்லத்தான் நகரும். இரண்டும் இருக்கிற படகில் கையிருப்பை முதலில் டிரான்ஸமுக்கே செலவழியுங்கள்.

அறிகுறி: நிறம் மங்கி, தொட்டால் வெள்ளைப் பொடி

வெயிலால் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததுதான். ஈரத்துணியால் ஓர் இடத்தைத் துடையுங்கள். நனைந்தபோது பழைய நிறம் திரும்பினால் தண்ணீர் வைத்துத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு, மெழுகு பூசினால் மீண்டுவிடும். திரும்பாவிட்டால் பெயின்ட். இரண்டுமே கடைசி வேலை.

அறிகுறி: திருகாணியின் கீழே துருக்கோடு, உலோகத்தில் இளஞ்சிவப்பு

துருப்பிடிக்காத ஸ்டீலில் துருக்கோடு வழிந்தால், அந்தத் திருகாணி ஈர மரத்துக்குள் காற்றில்லாமல் நிற்கிறது என்று படியுங்கள். ஆக்சிஜன் கிடைக்காத ஈரத்தில் அந்த ஸ்டீலும் இடுக்கில் அரிக்கும். தலை பளபளவென்று இருக்கும், கழற்றினால் நடுத்தண்டு பென்சில் முனைபோல மெலிந்திருக்கும். எனவே துருக்கோடு தெரிந்த இடத்தை எல்லாம் கோர் சோதனை வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பித்தளை வால்வுகளையும் பொருத்துகளையும் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் சரி. செம்பு போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது, ஒரு தட்டில் உடையும். மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

திறந்த பிறகு: படகின் வடிவம் மாறாமல் பார்த்துக்கொள்வது

திட்டத்தில் எல்லோரும் மறக்கும் பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்ட்ரிங்கரும் தளமும் எடுத்த படகின் ஓடு தளர்ந்துபோகும். அந்த நேரம் அது எப்படிக் கிடக்கிறதோ, புது ஸ்ட்ரிங்கரை ஒட்டியதும் அப்படியே நின்றுவிடும். டிரெய்லரின் ஒரு தாங்கி மேலே தள்ளினால் அடிப்பகுதியில் நிரந்தரமாக ஒரு குழிவு. ஓடும்போது மூக்குக் கவிழும், வேகம் எடுக்காது. பிறகு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகாது.

வெட்டுவதற்கு முன்பே, ஸ்ட்ரிங்கர்களுக்கு நேர் கீழேயும் டிரான்ஸமுக்கு அடியிலும் அகலமான தாங்கிகள் கொடுங்கள். பக்கச் சுவர்கள் விரியாமல் இருக்க மேல்விளிம்பில் குறுக்காக இரண்டு மூன்று கட்டைகளைத் திருகுங்கள். முன்முனையிலிருந்து டிரான்ஸமின் இரண்டு மூலைக்கும் நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். அடியில் பின்பக்க ஒன்றரை மீட்டரில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய ஒட்டுக்கு முன்பும் இந்த அளவுகளை மறுபடி எடுங்கள். ஒரு பக்க ஸ்ட்ரிங்கரை எடுத்து, புதியதை ஒட்டி முடித்த பிறகே மறுபக்கத்தை எடுப்பது இன்னும் பத்திரம்.

வெட்டி எடுக்கும் ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, பெயர் எழுதி வையுங்கள். உளுத்த ஸ்ட்ரிங்கர் துண்டுகூட வேலை முடியும்வரை தேவை, அதன் உயரமும் சாய்வும் வேறெங்கும் கிடைக்காது.

அறிகுறி: போட்ட ரெசின் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

எந்த ரெசின் என்பதைப் பொறுத்தது. பாலியெஸ்டரின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். அது குறை இல்லை, அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்க அதுதான் வசதி. கடைசி அடுக்கில் மட்டும் மெழுகு கலந்த ரெசினைப் போட வேண்டும். ஆனால் மேலே மட்டும் இல்லாமல் அடுக்கு முழுக்கவே இளக்கமாக இருந்தால், ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கும், இல்லை குளிர் அதிகம். 15 டிகிரிக்குக் கீழே பாலியெஸ்டர் சரியாக இறுகாது. கேட்டலிஸ்ட் வழக்கமாக 1 முதல் 2 சதவீதம். அது கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வரும் ரெசினாக இருந்தால், அதையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும்.

எபாக்சி மறுநாளும் ஒட்டினால் விகிதம் தப்பியிருக்கிறது, அல்லது பாத்திரத்தின் ஓரத்தைச் சுரண்டிக் கலக்கவில்லை. எபாக்சியின் இரண்டாவது பாகமான ஹார்டனரைக் கூட்டிப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டரிலிருந்து வந்த பழக்கம், எபாக்சியில் அது கெடுக்கும். அதன் மேல் இன்னொரு கோட் போட்டுத் தப்பிக்க முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இறுகிய எபாக்சியின் மேல் வழுக்கும் மெழுகுப் படலம் தெரிந்தால் அது வேறு, வெறும் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவினால் போகும். கழுவிய பிறகே தேயுங்கள்.

இதில் எதை வாங்குவது என்பதைத் திட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். பழைய லேமினேட்டில் ஒட்டும் வேலைக்கு எபாக்சியின் பிடிப்பு பாலியெஸ்டரைவிட நல்லது, டிரான்ஸமுக்கும் ஸ்ட்ரிங்கருக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் எபாக்சிக்கு மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, அங்கே பெயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மேட்டின் (வெட்டிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது, எபாக்சியில் அது கரையாமல் விறைத்து நிற்கும். எபாக்சி வேலைக்கு, பசை இல்லாமல் நூலால் தைத்த இழைத்துணியை வாங்குங்கள். எதுவானாலும் முதல் கலவையைப் படகில் போடாதீர்கள். ஒரு பலகையில் பழைய ஃபைபர்த் துண்டை வைத்து இரண்டு அடுக்கு ஒட்டி, மறுநாள் உளியால் பெயர்த்துப் பாருங்கள். பழைய துண்டின் இழை கிழிந்து வந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. இரண்டும் சுத்தமாகப் பிரிந்தால் தேய்த்தது போதாது.

தேய்க்கும்போது தூசிக்கும், பாலியெஸ்டர் போடும்போது ஆவிக்கும் உரிய வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். துணி கட்டிக்கொண்டு சமாளிக்க முடியாது. கண்ணாடித் தூசி நுரையீரலுக்குள் போகிறது.

அறிகுறி: எல்லாம் முடிந்தும் உள்ளே தண்ணீர்

முதலில் கரையிலேயே பாருங்கள். தாங்கிகள் சரியாக இருக்கும்போது உள்ளே மூன்று நான்கு விரல் உயரம் மட்டும் தண்ணீர் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், எடை தாங்காது. வெளியே அடிப்பகுதியைத் துடைத்து உலர்த்திவிட்டு, துளைகளையும் ஒட்டுகளையும் சுற்றிச் சுண்ணப்பொடி தூவி ஒரு மணி நேரம் காத்திருங்கள். எங்கே பொடி கருக்கிறதோ அங்கே கசிவு.

கீழே ஒன்றும் இல்லை என்றால் தண்ணீர் மேலிருந்து வருகிறது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே ஏற வேண்டும், ஒவ்வொரு பொருத்துக்கும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் கீழே இருக்கும் எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுவிடும். சொட்டு தெரிந்ததும் ஹோஸை நிறுத்தி, அந்தப் பொருத்தைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, சுற்றிலும் கோரை ஒரு விரல் அளவு தோண்டி எடுத்து, தடித்த எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அந்த எபாக்சியின் நடுவில் புதுத் துளை போட்டு, சீலன்ட் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். கிளீட், கைப்பிடிக் கம்பி, கீல், இருக்கை என்று மேல்தளத்தில் கோரைத் துளைக்கும் எல்லாத் திருகாணிக்கும் இதையே செய்யுங்கள், இன்னும் சொட்டாதவற்றுக்கும்தான்.